தீ என்றால் தண்ணீர் என்றுதான் சொல்லி வளர்த்திருந்தோம்

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கிரில் அடுப்பு தீப்பிடித்ததும் அணைந்ததும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துபோன விஷயம். அந்த மூன்று நிமிடத்தில் நான் செய்ததில் பாதிக்கு மேல் தவறு. என் பதினொரு வயது மகன் செய்தது ஒன்றே ஒன்றுதான். அதுவும் தவறாகப் போய்விட்டது. தப்பு அவனுடையது இல்லை என்று அவனுக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வீட்டில் கிரில் வைத்திருப்பவர்கள், முக்கியமாகக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள், பொறுமையாகப் படியுங்கள்.

அன்று தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். மொத்தம் எட்டுப் பேர். வழக்கமாக எங்கள் நான்கு பேருக்குத்தான் கிரில் போடுவேன். அன்று இறைச்சி இரண்டு மடங்குக்கும் மேல். தோலோடு இருந்த கோழித் துண்டுகள், எண்ணெய் விட்டு ஊறவைத்தவை. பசியோடு இருக்கிறார்களே, சீக்கிரம் முடிப்போம் என்று ஒரே தடவையில் எல்லாவற்றையும் கம்பிமேல் அடுக்கி, மூன்று பர்னரையும் முழுத் தீயில் வைத்து, மூடியைச் சாத்திவிட்டுத் தட்டு எடுக்க உள்ளே போனேன். உள்ளே போனால் தம்பியோடு பேச்சு. ஐந்து நிமிடம் இருக்கும்.

"புகை என்ன வேற மாதிரி வருது?" என்று சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி கேட்டாள். அந்தக் கேள்வியை இன்னும் மறக்க முடியவில்லை. கோழி வேகும்போது வருவது மெல்லிய வெள்ளைப் புகை. இது மஞ்சளும் சாம்பலும் கலந்து, கெட்டியாக, மூடியின் பின்பக்கத்திலிருந்தும் அடுப்பின் அடியிலிருந்தும் சேர்ந்து வந்துகொண்டிருந்தது. அடியிலிருந்து புகை வருகிறது என்றாலே, எரிவது இறைச்சி இல்லை என்று அர்த்தம். அன்று எனக்கு அது தெரியாது.

ஓடிப்போய் மூடியை முழுக்கத் திறந்தேன். அதுதான் என் பெரிய தவறு. உள்ளே காற்று போதாமல் திணறிக்கொண்டிருந்த தீக்கு வேண்டிய காற்று அப்போதுதான் கிடைத்தது. தீ என் நெஞ்சு உயரத்துக்கு எழுந்தது. பின்வாங்கி, பக்கவாட்டில் கையை நீட்டி நாப்களை மூடினேன். பதற்றத்தில் ஒன்றை எதிர்ப்பக்கம் திருப்பி, பிறகு சரியாக மூடினேன். மூன்றும் மூடியாகிவிட்டது. தீ குறையவே இல்லை.

கேஸை மூடினால் தீ நின்றுவிடும் என்று அதுவரை யோசிக்காமலே நம்பியிருந்தேன். அது நிற்காமல் எரிவதைப் பார்த்தபோது ஒரு கணம் கை கால் ஓடவில்லை. எரிந்துகொண்டிருந்தது கேஸே இல்லை. பர்னருக்குக் கீழே, கொழுப்பு வடிந்து சேர்கிற ட்ரே ஒன்று உண்டல்லவா, அதில் மூன்று மாதமாகச் சேர்ந்திருந்த கொழுப்பு எரிந்துகொண்டிருந்தது.

நான் நின்ற அந்த ஒரு கணத்தில் மகன் தோட்டத்து ஹோஸைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். குழாயைத் திறந்துவிட்டே வந்திருக்கிறான். "வேண்டாம்!" என்று நான் கத்தியதும் தண்ணீர் பாய்ந்ததும் ஒரே நேரம். ஓரிரண்டு விநாடிதான் தண்ணீர் விழுந்திருக்கும். கெட்டித் துணியை ஒரே இழுப்பில் கிழித்ததுபோல ஒரு சத்தம். தீ பந்தாகச் சுருண்டு கூரை விளிம்பைத் தாண்டிப் போனது. எரிகிற கொழுப்புத் துளிகள் புல்லிலும் சுவரிலும் தெறித்தன. என் வலது முன்கையில் நெருப்பு பட்டது. மகன் நான்கைந்து அடி தள்ளி நின்றதால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதும்போதும் அந்த நான்கைந்து அடியைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்தவை சரியாக நடந்தன. தம்பி ஓடிப்போய்க் குழாயை மூடினான். அவன் மனைவி குழந்தைகள் அத்தனை பேரையும் வீட்டின் முன்பக்கம் கூட்டிக்கொண்டு போய், அங்கிருந்தே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தாள். நான் நீளமான இடுக்கியால் மூடியின் கைப்பிடியைக் கொக்கிபோல் இழுத்துச் சாத்தினேன். மனைவி சிலிண்டர் இருந்த பக்கம் குனிந்து பார்த்து, அங்கே தீ இல்லை என்று உறுதி செய்துகொண்டு அதன் வால்வை மூடினாள். மூடி சாத்திய கொஞ்ச நேரத்தில் இடுக்குகளில் தெரிந்த வெளிச்சம் மங்கி, புகை மட்டும் வந்தது.

தீயணைப்பு வீரர்கள் வந்தபோது தீ இல்லை. வீணாக வரவழைத்துவிட்டோமோ என்று நான் மன்னிப்புக் கேட்க, அவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நேராகக் கூரை விளிம்புக்கு அடியில் போய், வெப்பத்தைக் காட்டும் கேமராவை வைத்து ஒவ்வொரு இடமாகப் பார்த்தார்கள். வெளியே அணைந்த மாதிரி தெரிந்தாலும் பலகைக்குப் பின்னால் கனன்றுகொண்டே இருந்து, எல்லோரும் தூங்கிய பிறகு பற்றிக்கொள்ளும் வாய்ப்பு உண்டாம். தீ அணைந்துவிட்டாலும் அவர்களைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வது நல்லது என்று அன்று புரிந்துகொண்டேன்.

மழைநீர் வடிவதற்காகக் கூரை ஓரம் பொருத்தியிருந்த பிளாஸ்டிக் குழாய் உருகித் தொங்கிக்கொண்டிருந்தது. கிரிலுக்கும் சுவருக்கும் இடையே அன்று இரண்டடிகூட இல்லை. சமையலறைக் கதவுக்குப் பக்கம், மழை வந்தால் நனையாது, விளக்கு வெளிச்சமும் விழும் என்று நானே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம். இப்போது கிரில் சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி, மேலே கூரையோ மரக்கிளையோ எதுவும் இல்லாத இடத்தில் நிற்கிறது. மழை வந்தால் அன்று சமைப்பதில்லை. அவ்வளவுதான்.

கைக்கு வருகிறேன். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து, ஓர் ஓரத்தில் கொப்புளம் கிளம்பியது. அம்மா அவசரமாகப் பற்பசையை எடுத்துக்கொண்டு வந்தார். மனைவி, "அத்தை, அதெல்லாம் வேண்டாம், தண்ணிதான்" என்று என்னை இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்தினாள். கை வீங்குவதற்குள் மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றினாள். குளிர்ந்த குழாய்த் தண்ணீர், 20 நிமிடம், கடிகாரம் பார்த்து. ஐந்து நிமிடத்தில் எரிச்சல் கொஞ்சம் அடங்கியதும் கையை எடுக்கப் பார்த்தேன். விடவில்லை. மேல்தோல் ஆறினாலும் உள்ளே சூடு இறங்கிக்கொண்டே இருக்கும், அதை வெளியே எடுக்கத்தான் அவ்வளவு நேரம். ஐஸ் வைக்கக் கூடாது. அது ஏற்கெனவே அடிபட்ட தோலை மேலும் கெடுக்கும். பற்பசை, வெண்ணெய், எண்ணெய் எல்லாம் சூட்டை உள்ளேயே பூட்டிவைக்கும், டாக்டர் பார்க்கும்போது புண்ணையும் மறைக்கும். கொப்புளத்தை உடைக்கவே கூடாது. பிறகு, சமையலறையில் உணவை மூடும் பிளாஸ்டிக் ஃபிலிமைச் சுற்றாமல் நீளவாக்கில் தளர்வாகப் போர்த்தி மருத்துவமனைக்குப் போனோம். உள்ளங்கையைவிடப் பெரிய காயம் என்றாலும், முகம், கை, பாதம், மூட்டு என்று எங்கே பட்டாலும் வீட்டு வைத்தியத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். நேரத்தோடு தண்ணீரில் காட்டியதால்தான் தழும்பு இந்த அளவோடு நின்றது என்றார் பார்த்த டாக்டர்.

தீயில் ஊற்றக் கூடாத தண்ணீர்தான் கைக்கு மருந்தாக இருந்தது. அன்று இரவு மகனிடம் பேச்சைத் தொடங்க இதுதான் கைகொடுத்தது.

அவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது சுவரைப் பார்த்துக்கொண்டே, "என்னாலதானே உங்க கை வெந்துச்சு?" என்று கேட்டான். இல்லடா என்று சொன்னேன். அந்தச் சொல் அவனிடம் எடுபடவில்லை. ஏன் இல்லை என்று சொல்லத் தெரிந்தால்தான் குழந்தை நம்பும். அடுத்த நாள் ஒரு கண்ணாடி டம்ளரில் எண்ணெய் ஊற்றி அதன்மேல் தண்ணீர் விட்டுக் காட்டினேன். தண்ணீர் நேராக அடிக்குப் போய்விட்டது. "இப்போ இந்த எண்ணெய் முந்நூறு டிகிரிக்கு மேல கொதிச்சுக்கிட்டு எரியுதுன்னு வச்சுக்கோ. தண்ணி எத்தனை டிகிரில ஆவியாகும்?" என்றேன். "நூறு" என்றான். அடியில் போன தண்ணீர் அங்கேயே சட்டென்று ஆவியாகிவிடும். ஆவியானால் சும்மா இருக்காது. ஒரு பங்கு தண்ணீர் ஏறக்குறைய 1,700 பங்கு ஆவியாக விரியும். ஒரு தேக்கரண்டி தண்ணீர், 5 மில்லி, எட்டு லிட்டருக்கும் மேல் இடம் கேட்கும். அந்த ஆவி மேலே இருக்கும் எரிகிற கொழுப்பைத் துளித்துளியாக்கி வெளியே எறியும். ஒவ்வொரு துளியைச் சுற்றியும் காற்று இருப்பதால் எல்லாம் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும்.

அவன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ தண்ணி தீய அணைக்கவே இல்ல. கொழுப்பைத் தூக்கி விட்டிருக்கு" என்றான். ஆமாம் என்றேன். பிறகு கேட்டான்: "தீ பிடிச்சா தண்ணி ஊத்தணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஆமாம், நாங்கள்தான் சொன்னோம். படப் புத்தகத்தில் தீயணைப்பு வண்டியைக் காட்டியபோது சொன்னோம். காகிதமும் மரமும் துணியும் எரிந்தால் அது சரிதான். எண்ணெயும் கொழுப்பும் எரிந்தால் தண்ணீர் ஆகாது என்ற பாதியை நாங்கள் சொல்லவே இல்லை. பெரியவர்கள் இத்தனை பேர் அங்கே இருந்தோம். அப்பாவுக்கு உதவ வேண்டும் என்று முதலில் ஓடியவன் அவன். தெரிந்ததைச் செய்தான். இதை அவனிடம் இதே வார்த்தைகளில் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். ஒரே நாளில் தீரவில்லை. இரண்டு வாரம், கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போவான். புதுத் தோல் வந்த பிறகுதான் பழையபடி ஆனான்.

கொழுப்புத் தீ எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்கத் தெரிவதுதான் பாதி காரியம். கொழுப்பு சொட்டி அங்கங்கே தீ குப்பென்று எழுவது கிரிலில் சாதாரணம். துண்டை இடுக்கியால் ஓரத்துக்குத் தள்ளி, அந்தப் பர்னரைக் குறைத்தால் சில விநாடியில் அடங்கிவிடும். துண்டை நகர்த்தியும் அடங்கவில்லை, தீ பர்னருக்குக் கீழேயிருந்து வருகிறது, நாபை மூடியும் குறையவில்லை என்றால் ட்ரேயில் பற்றிவிட்டது என்று அர்த்தம். அப்போது செய்ய வேண்டியது, நாபை மூடுவது, மூடியைச் சாத்துவது, காற்றுத் துவாரங்கள் இருந்தால் அடைப்பது, பக்கத்தில் தீ இல்லையென்றால் மட்டும் சிலிண்டரை மூடுவது. காற்று கிடைக்காமல் தீ தானாகச் சாகும். முழுக்க ஆறும்வரை திறந்து பார்க்கக் கூடாது. நாங்கள் மறுநாள் காலையில்தான் திறந்தோம். மூடியைச் சாத்த முடியவில்லை, தீ சின்னதாக இருக்கிறது என்றால் சமையல் சோடாவையோ உப்பையோ நிறைய அள்ளிக் கொட்டலாம். மாவை மட்டும் தூவிவிடாதீர்கள், அந்தத் தூளே வெடித்து எரியும்.

சிலிண்டரைத் தீ சூழ்ந்துவிட்டால் அதன்பிறகு அணைக்கிற வேலை நம்முடையது இல்லை. சூடேறச் சூடேற உள்ளே அழுத்தம் கூடும். எல்லோரையும் கூட்டிக்கொண்டு தூரமாகப் போய்விட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். அடுப்பு, கூரை, சாமான் எது போனாலும் போகட்டும்.

மறுநாள் அந்த ட்ரேயை வெளியே இழுத்தபோது எனக்கே அதிர்ச்சி. இரண்டு விரல் கனத்துக்குக் கரியும் மெழுகுமாகப் படிந்திருந்தது, எரிந்தது போக மிச்சமே அவ்வளவு. ஒவ்வொரு தடவையும் கம்பியைப் பளபளவென்று தேய்த்தேன். கண்ணுக்குத் தெரிவதைத் தேய்த்தேன், அவ்வளவுதான். அடியில் இருந்த ட்ரேயை மூன்று மாதத்தில் ஒருமுறைகூட இழுத்துப் பார்க்கவில்லை. இப்போது அடுப்பு ஆறியதும் ட்ரேயைச் சுரண்டிவிட்டுத்தான் மூடிவைக்கிறேன். நிறையச் சமைக்கும் நாளில் நடுவிலும் ஒருமுறை எட்டிப் பார்ப்பேன். கம்பியைத் தேய்க்க இரும்பு மயிர் பிரஷ் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதிலிருந்து உதிரும் ஒரு மயிர் இறைச்சியோடு ஒட்டி வாய்க்குள் போனால் தொண்டையிலும் குடலிலும் குத்தும். தேய்த்த பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

அடுப்பைப் பிரித்துச் சுத்தம் செய்தபோது ஒரு பர்னர் குழாய்க்குள் சிலந்திக்கூடு இருந்தது. எங்கள் தீக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் அது சின்ன விஷயம் இல்லை. குழாய் அடைத்துக்கொண்டால் கேஸ் பர்னருக்குப் போகாமல் பின்னால் கசிந்து, நாப்கள் இருக்கும் இடத்திலேயே பற்றும். ரொம்ப நாள் பயன்படுத்தாமல் வைத்திருந்த கிரிலை எடுக்கும்போது இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கசிவு பார்ப்பது சுலபம். சோப்புத் தண்ணீரை ரெகுலேட்டர், டியூப், இணைப்புகள் மேல் பிரஷால் தடவி, பர்னர் நாப்கள் மூடியிருக்க, சிலிண்டரை மட்டும் திறந்தால் போதும். குமிழி வந்தால் கசிவு. சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்கிறேன். இரண்டு நிமிட வேலை. இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடாமல் அடுப்புக்குள்ளும் தரையோரத்திலும் தேங்கி நிற்கும். அதனால்தான் மூடி சாத்தியிருக்கும்போது பற்றவைக்கவே கூடாது என்கிறார்கள். மூடியைத் திறந்துவிட்டு, பிறகுதான் கேஸ், பிறகு பொறி. முதல் தடவை பற்றவில்லையென்றால் திரும்பத் திரும்பத் தட்டாமல் எல்லாவற்றையும் மூடி, மூடியைத் திறந்தே வைத்து ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பசியோடு நிற்கும்போது ஐந்து நிமிடம் நீளமாகத்தான் தெரியும். இருந்தாலும் காத்திருங்கள்.

தம்பி வீட்டில் கரி அடுப்பு. அதில் இந்த ட்ரே பிரச்சினை குறைவு, வேறு இரண்டு உண்டு. பற்றிய கரிமேல் பெட்ரோல் மாதிரி எதையும் ஊற்றக் கூடாது, ஊற்றும் கைக்கே தீ ஏறி வரும். சாம்பல் ஆறிவிட்டது போலத் தெரிந்தாலும் ஒரு நாளுக்கு மேல் உள்ளே கனல் இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில்தான் கொட்டி வைக்க வேண்டும். குளிர் என்றோ மழை என்றோ கரி அடுப்பை வீட்டுக்குள் எடுத்து வரவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூங்கிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது.

தீயணைப்பான் ஒன்று வாங்கினோம், உலர் பவுடர் வகை. மனைவி அதைக் கிரில் பக்கத்தில் வைக்க விடவில்லை. தீ எரியும் இடத்துக்கே போய் எடுக்க முடியுமா என்று கேட்டாள். சமையலறைக் கதவுக்கு உள்பக்கம் மாட்டியிருக்கிறோம். ஊசியை இழுப்பது, வாயைத் தீயின் அடியை நோக்கிப் பிடிப்பது, அழுத்துவது, இடம் வலமாக வீசுவது என்று பெரியவர்கள் இருவரும் கையில் எடுத்துச் சொல்லிப் பார்த்தோம். வாங்கி மாட்டிவிட்டு மறந்துவிட்டால் அந்த நேரத்தில் அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டா இருக்க முடியும்?

குழந்தைகளுக்கு அணைக்கிற வேலை எதுவும் தரவில்லை. மகன் தனக்கும் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டான். மறுத்துவிட்டேன். அவனுக்கும் தங்கைக்கும் உள்ள வேலை கத்துவது, முன்வாசல் கேட்டருகே போய் நிற்பது, அவ்வளவுதான். துணியில் பற்றினால் ஓடாமல் நின்று, கீழே விழுந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உருள்வதையும் சொல்லிக் கொடுத்தோம். தங்கைக்கு அது விளையாட்டாக இருந்தது. மகன் மூன்று தடவை செய்து பார்த்தான். கிரிலைச் சுற்றி ஒரு மீட்டர் தள்ளிச் செங்கல் வரிசை ஒன்று போட்டிருக்கிறேன். அதைத் தாண்டிக் குழந்தைகள் வருவதில்லை. நானும் அடுப்பு எரியும்வரை அதைத் தாண்டி வெளியே போவதில்லை. தட்டு வேண்டுமென்றால் யாரையாவது கொண்டுவரச் சொல்வேன்.

மூன்று மாதம் கழித்துப் போன வாரம்தான் மறுபடி கிரில் போட்டோம். நாலே நாலு துண்டு. ட்ரேயை இழுத்துக் காட்டிவிட்டு உள்ளே தள்ளினேன். லைட்டரைக் கையில் எடுத்தேன். செங்கல் வரிசைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த மகன், "அப்பா, மூடி" என்றான். திரும்பிப் பார்த்தேன். மூடி சாத்தித்தான் இருந்தது. திறந்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, அப்புறம் பற்றவைத்தேன்.